வாசலைத் திறந்து வைத்தால்தான் வீடு நிற்கும்

(தொலைக்காட்சி மன்றத்தில், 'பழைய வீடு: பூட்டி வைப்பதா, விருந்தினருக்குத் திறந்து விடுவதா?' என்ற பொருளில் டெங்கிலைச் சேர்ந்த பேச்சாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன் பேசிய சகோதரி, மொரோக்கோ நாட்டின் மராகேஷ் நகரத்தில் ஒரு பழைய வீட்டில் தங்கிய அனுபவத்தை அழகாகச் சொன்னார். வெளியே நின்று பார்த்தால் வெறும் மண் நிறச் சுவர், ஒரு சின்னக் கதவு. தெருவைப் பார்த்த ஜன்னல்கூட இல்லை. குனிந்து உள்ளே நுழைந்தால் நடுவில் முற்றம், முற்றத்தில் ஆரஞ்சு மரம், தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் அறைகள், தலைக்கு மேலே வானம். அந்த மாதிரி வீட்டுக்கு 'ரியாத்' என்று பெயர். அரபு மொழியில் தோட்டங்கள் என்று பொருள். சவூதி அரேபியாவின் தலைநகருக்கும் அதே சொல்தான் பெயர். மாலையில் புதினாத் தேநீர் கொண்டு வந்து, உயரத்தில் இருந்து சின்னக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார்களாம். கேட்கவே இனிமையாக இருந்தது.

ஆனால் அவர் சொல்லச் சொல்ல, என் மனம் மராகேஷுக்குப் போகவில்லை. செட்டிநாட்டுக்குப் போனது. ஏனென்றால் அதே மாதிரி ஒரு முற்றத்தில், சென்ற தை மாதம், என் அம்மாவோடு நான் இரண்டு இரவு தங்கினேன். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். முடிவில் டெங்கிலுக்கே திரும்பி வந்து விடுவேன், பயப்படாதீர்கள்.

முற்றத்தில் இரண்டு நாள்

கோலாலம்பூரில் இருந்து திருச்சிக்கு நேரடியாக விமானம் இருக்கிறது. ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கிருந்து காரைக்குடிப் பக்கம் சாலையில் இரண்டு மணி நேரம். 

காரைக்குடி, கானாடுகாத்தான், கடியாபட்டி, கோத்தமங்கலம் என்று அந்த வட்டாரத்தில் பழைய நகரத்தார் வீடுகள் சிலவற்றை இப்போது தங்கும் விடுதிகளாக நடத்துகிறார்கள். பெரிய நிறுவனங்கள் எடுத்து நடத்துவதும் உண்டு, குடும்பத்தாரே நான்கைந்து அறைகளை மட்டும் திறந்து வைத்திருப்பதும் உண்டு. நாங்கள் தங்கியது இரண்டாவது வகை. ஐந்தே அறை.

அந்த வீட்டின் அமைப்பைச் சொல்கிறேன். முதலில் திண்ணை. அது வெளியாட்களுக்கு. கணக்குப் பிள்ளை உட்கார்ந்த இடமும் அதுதான். அதைத் தாண்டி, தேக்குக் கதவு. கதவுக்குப் பின்னால் வளவு. வளவின் நடுவே முற்றம், முற்றத்தைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு. அங்கே சாப்பாட்டுப் பந்தி. அதற்கும் பின்னால் அடுப்படி, கிணறு, பின்வாசல். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் எல்லாக் கதவுகளும் ஒரே நேர்கோட்டில். திறந்து வைத்தால் காற்று ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் வெளியேறும்.

மழையையும் அப்படித்தான் வரவேற்றார்கள். நாலு பக்கத்து ஓட்டுக் கூரையும் முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும். மழைத் தண்ணீர் முற்றத்தில் விழும். அண்டாவில் பிடித்துச் சமையலுக்கு வைத்துக் கொள்வார்கள். மிச்சம் வடிகால் வழியாக ஊருணிக்குப் போகும். வறண்ட சீமையில் ஒரு சொட்டையும் வீணாக்காத கட்டடம் அது.

சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சலவைக்கல் மாதிரி வழவழப்பு. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து பூசித் தேய்த்தது என்றார்கள். மொரோக்கோக்காரர்களும் சுண்ணாம்பைத்தான் பூசிக் கல்லால் தேய்த்து, சோப்பு போட்டு மெருகேற்றுகிறார்கள். அவர்களும் வெயில் நாட்டுக்காரர்கள், இவர்களும் வெயில் நாட்டுக்காரர்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

தரையில் ஆத்தங்குடிக் கல். அதை நெருப்பில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊற வைத்து, உலர்த்தி எடுக்கிறார்கள். எல்லாம் கைவேலை. அதில் ஒரு விசேஷம். மனிதர் நடக்க நடக்கத்தான் அந்தக் கல்லுக்குப் பளபளப்பு ஏறும். நடமாட்டம் நின்றால் மங்கிப் போகும். நான் இன்று சொல்ல வந்த விஷயம் முழுவதும் அந்த ஒரு கல்லில் இருக்கிறது, அவைத் தலைவர் அவர்களே!

சொகுசு எல்லாம் எதிர்பார்த்துப் போகக் கூடாது. முதல் நாள் ராத்திரி மின்சாரம் போய் விட்டது. குளியலறை பிற்காலத்தில் சேர்த்தது. தண்ணீர் நூல் மாதிரி வந்தது. வாசற்படி உயரம். நிலை தாழ்வு. என் நெற்றி அந்த நிலையை இரண்டு முறை நலம் விசாரித்தது. வயதான அம்மாவைக் கூட்டிப் போனதால், கீழ்த் தளத்து அறைதான் வேண்டும் என்று முன்பே கேட்டு வாங்கினோம். போகிறவர்கள் அதைக் கேட்டுக் கொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்களில் போங்கள். சித்திரையில் போனால் வெயில் உங்களைத் தங்க விடாது.

அந்தத் தேக்கு யாருடையது?

அந்த வீட்டின் தூண்கள் பர்மாத் தேக்கு. சில வீடுகளில் இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் ஓடு. எங்கிருந்து வந்தது இவ்வளவு பணம்? பர்மா, இலங்கை, மலாயா. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இருந்து இரண்டாம் உலகப் போர் வரையில், கடல் கடந்து போன நகரத்தார் கொடுக்கல் வாங்கலில் சம்பாதித்து ஊரில் கட்டிய வீடுகள் அவை. கோலாலம்பூர் லெபோ அம்பாங் தெருவில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். ஈயமும் ரப்பரும் விளைந்த இந்த மண்ணில் கிடைத்த வட்டியும் அந்தத் தூண்களுக்குள் இருக்கிறது.

உண்மையைச் சொன்னால், அந்தத் தூணைத் தொட்டபோது எனக்குப் பெருமையும் வந்தது, ஒரு சின்னக் கோபமும் வந்தது. என் தாத்தா பால் மரம் சீவியவர். அவரும் கப்பலேறித்தான் வந்தார். செட்டியார் கப்பலேறினார், ஊரில் மாளிகை எழும்பியது. என் தாத்தா கப்பலேறினார், ஊருக்குத் திரும்பவே இல்லை. இரண்டு பேரும் ஒரே கடலைத்தான் கடந்தார்கள்.

ஆனால் அந்த மாளிகைகளின் கதையும் சோகமாகத்தான் முடிந்தது. 1930-களில் பொருளாதார மந்தம். 1942-இல் ஜப்பானியர் பர்மாவில் நுழைந்ததும் அங்கிருந்தவர்கள் கையில் கிடைத்ததோடு ஓடி வந்தார்கள். போருக்குப் பிறகு பர்மாவில் இருந்த நிலமும் கைவிட்டுப் போனது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். வீடு பூட்டப்பட்டது.

பூட்டிய வீட்டுக்கு என்ன ஆகும்? ஒரே ஓர் ஓடு நகர்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆள் இருந்தால் மறுநாளே ஏறி மாற்றி விடுவார். ஆள் இல்லாவிட்டால் அந்த இடுக்கு வழியாக மழை இறங்கும். விட்டம் ஊறும். கரையான் வரும். விட்டம் சாய்ந்தால் அதோடு சேர்ந்து சுவரும் சாயும். சரி, பழுது பார்க்கலாம் என்றால், வீடு ஒருவருக்குச் சொந்தமில்லை. பேரன்கள், கொள்ளுப் பேரன்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஒருவர் செலவு செய்யலாம் என்பார், ஒருவர் எதற்கு என்பார், மூன்றாமவர் தொலைபேசியையே எடுக்க மாட்டார். கடைசியில் இடிக்கத்தான் எல்லோரும் ஒத்துப் போவார்கள்!

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. அங்கே போய்ப் பார்த்தேன். கதவு தனியாக, தூண் தனியாக, தொட்டில் தனியாக, யாரோ ஒரு குடும்பத்துப் பெரியவரின் புகைப்படம் தனியாக விலைக்கு இருக்கிறது. பிரேத பரிசோதனைக் கூடத்தில் நிற்பது போல் இருந்தது எனக்கு. அந்தப் பெரியவர் சட்டத்துக்குள் இருந்து நேராக என்னைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

அதனால்தான் சொல்கிறேன், அந்த ஐந்து அறை விடுதியை நடத்துபவர் செய்வது வெறும் வியாபாரம் என்று நினைத்து விடாதீர்கள். எங்களைப் போன்றவர்கள் கொடுக்கிற வாடகையில்தான் ஓடு மாற்றப்படுகிறது. சாமி அறையில் தினமும் விளக்கு எரிகிறது. அந்த அறை விருந்தினருக்கு இல்லை. அது மட்டும் குடும்பத்துக்கு. பொங்கலுக்குப் பங்காளிகள் வருகிறபோது விருந்தினரை ஏற்பதில்லை. வீட்டை விற்கவும் இல்லை, பூட்டவும் இல்லை. அது ஒரு நல்ல நடு வழி.

விருந்தினரே வீட்டுக்காரரை விரட்டினால்?

எதிரணி நண்பர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். விருந்தினர் வந்தால் வீடு நிற்கும், சரி. வீட்டில் இருந்தவர் நிற்பாரா?

மராகேஷைப் பாருங்கள். அந்தப் பழைய நகரத்தை 1985-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 1990-களின் பிற்பகுதியில் இருந்து ஐரோப்பியர்கள் வந்து ரியாத்துகளை வாங்கத் தொடங்கினார்கள். இடியும் நிலையில் இருந்த பல வீடுகள் பிழைத்தன. கொத்தனாருக்கும் தச்சருக்கும் ஓட்டுச் சித்திர வேலைக்காரருக்கும் மறுபடி வேலை கிடைத்தது. அது நல்லது. ஆனால் விலை ஏறியது. விற்ற குடும்பங்கள் நகரத்துக்கு வெளியே குடியேறின. முற்றம் அழகாக இருக்கிறது, அதில் ஓடி விளையாடிய பிள்ளைகள் மட்டும் அங்கே இல்லை.

மொரோக்கோ வரை போவானேன்? பினாங்கில் சியோங் ஃபாட் சே மாளிகை இருக்கிறது. நீல மாளிகை என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். உள்ளே ஐந்து முற்றம். 1980-களின் இறுதியில் அது இருந்த கோலத்தைப் பார்த்தவர்கள், இனி இடிபாடுதான் என்று நினைத்தார்கள். தனியார் சிலர் சேர்ந்து வாங்கிப் பழுது பார்த்தார்கள். 2000-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. விருந்தினர் தங்கியதால் அந்த மாளிகை நின்றது.

அதே ஜோர்ஜ் டவுனில் இன்னொரு கதையும் நடந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டது. 2000 ஜனவரியில் இருந்து வாடகைக்கு வரம்பு இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கடை வீடுகளில் இருந்த சாதாரண மக்கள் பலர் வெளியேற வேண்டியிருந்தது. 2008-இல் ஜோர்ஜ் டவுனும் மலாக்காவும் உலக மரபு நகரங்கள் ஆயின. சுற்றுப் பயணிகள் வந்தார்கள். தையல்காரரும் கூடை முடைபவரும் இருந்த வீடுகளில் சில, இன்று அழகான விடுதிகள்.

ஆகவே என் கட்சி இதுதான். விருந்தினருக்குத் திறப்பது நல்லது. ஆனால் சாவி யார் கையில் இருக்கிறது, சம்பளம் யார் கைக்குப் போகிறது, சாமி அறை யாருக்கு இருக்கிறது, இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். நாம் தங்கப் போகும்போதும் அதைக் கேட்டுத் தெரிந்து கொண்டு போகலாம். நம் சிப்பாங் மாவட்டத்திலேயே பங்ஹுரிஸ் என்ற ஹோம்ஸ்தே இருக்கிறது. மலாய்க் கிராமத்து மக்கள் தங்கள் சொந்த வீட்டிலேயே விருந்தினரைத் தங்க வைத்து, தாங்கள் சாப்பிடுவதையே பரிமாறுகிறார்கள். வீடும் அவர்களுடையது, வருமானமும் அவர்களுடையது.

சமையல்கார அம்மா கேட்ட கேள்வி

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம். அம்மா முற்றத்து ஓரத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் சமைக்கிற அம்மா, கத்தரிக்காய் நறுக்கிக் கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எந்த ஊரும்மா உங்களுக்கு?"

"மலேசியா தாயி."

நறுக்குகிற கை நின்றது. "மலேயாவா? எங்க தாத்தாவோட அண்ணன் அங்கதான் போனாராம். ரப்பர் தோட்டத்துக்கு. கடுதாசி போட்டுக்கிட்டு இருந்தாரு, அப்புறம் நின்னு போச்சுன்னு எங்க அப்பா சொல்லுவாரு. சண்டை நேரமாம்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சண்டை நேரம் என்றால் அது ஜப்பான்காரன் காலம். சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர் எங்கள் குடும்பத்திலும் உண்டு.

அந்த அம்மா தொடர்ந்து கேட்டார்: "ஏம்மா, இந்த வீட்டை இப்படி வச்சிருக்காங்களே, அந்த மாதிரி அங்க அவங்கல்லாம் இருந்த வீடு இருக்குமா? போனா பாக்கலாமா?"

அதற்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

நான் டெங்கில்காரன். எங்கள் பக்கத்தில் எழுந்து நிற்கும் புத்ராஜெயாவைப் பார்க்கிறவர்களுக்கு, அந்த இடத்தில் தோட்டம் இருந்தது என்றே தெரியாது. பெராங் பெசார் தோட்டம் 1921-இல் தொடங்கியது. உலகப் போரில் இருந்து திரும்பிய வெள்ளைக்கார அதிகாரிகள் உண்டாக்கியது. அதனால்தான் 'பெரும் போர்' என்று பெயர். பெராங் பெசார், செட்ஜ்லி, காலவே, மெடிங்லி என்ற தோட்டங்களில் பால் மரம் சீவிய குடும்பங்கள், நிர்வாகத் தலைநகரம் எழும்பியபோது டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்தன. தரை வீடு கேட்டு அவர்கள் எத்தனை ஆண்டுகள் போராடினார்கள் என்பது இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியாததல்ல.

என் அம்மா பிறந்த தோட்டமும் அப்படி மறைந்த தோட்டங்களில் ஒன்று. அங்கே லயம் இல்லை, பெரட்டுக் களம் இல்லை, ஆயாக் கொட்டகை இல்லை. செட்டியார் மாளிகையில் பாதியாவது நிற்கிறது. எங்கள் லயத்தில் ஒரு கதவுகூட இல்லை. பழம்பொருள் கடையில் விலைக்கு வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

லயத்தைப் பெரிய மாளிகை என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு அறை, ஒழுகும் தகரம், பத்து வீட்டுக்கு ஒரு குழாய். அந்த வாழ்க்கை திரும்பி வர வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டோம். ஆனால் அந்த வீட்டில் இருந்துதான் இந்த நாட்டின் ரப்பர் போனது. நம் வரலாற்றைத் தேடி வருகிறவருக்குக் காட்ட, இந்த நாட்டில் ஒரே ஒரு லயமாவது ஒழுங்காகப் பழுது பார்க்கப்பட்டு, அதில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் கையில் சாவியோடு நிற்க வேண்டாமா? இன்னும் சில தோட்டங்களில் லயங்கள் நிற்கின்றன. ஆலய நிர்வாகங்களும் இயக்கங்களும் முயன்றால், ஒரு வரிசையையாவது கேட்டு வாங்கலாம். பங்ஹுரிஸ் மக்கள் செய்ததை நாம் ஏன் செய்யக் கூடாது? விடியற்காலை பெரட்டு நேரத்துக்கு விருந்தினரை எழுப்பி, கறுப்புக் காப்பியும் ரொட்டியும் கொடுத்து, பால் மரத்தடிக்கு ஒரு பாட்டி கூட்டிப் போனால், அதற்கு ஈடாக எந்த ரியாத்தைச் சொல்வது?

அன்று ராத்திரி மின்சாரம் இருந்தும் அம்மா தூங்கவில்லை. முற்றத்தில் நிலா விழுந்து கிடந்தது. எழுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக, தன் லயத்தில் யார் யார் வீடு எங்கே இருந்தது என்று எனக்குச் சொன்னார். ஊருக்கு வந்த பிறகு, நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் பென்சிலால் அதை வரைந்தே கொடுத்து விட்டார். பதினாறு கதவு. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பெயர். கோடியில் மாரியம்மன் கோயில். குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கொய்யா மரம். அந்தத் தாளை இப்போது சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறேன். சமையல்கார அம்மாவுக்கும் ஒரு படி அனுப்பினேன். அவருடைய தாத்தாவின் அண்ணன் அந்த வரிசையில் இருந்தவர் இல்லை. இருந்தாலும் அனுப்பினேன். அந்தக் கேள்விக்கு எங்களிடம் இருந்த பதில் அது ஒன்றுதான்.

அன்பர்களே, மொரோக்கோ போக வசதி உள்ளவர்கள் போய் வாருங்கள். செட்டிநாடு போகிறவர்கள், விலை கொஞ்சம் கூட இருந்தாலும், குடும்பத்தார் நடத்தும் முற்றத்து வீட்டில் தங்குங்கள். எங்கும் போக முடியாதவர்கள் இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் தோட்டத்தில் வாழ்ந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், ஒரு தாளையும் பென்சிலையும் கையில் கொடுத்து, "உங்கள் லயம் எப்படி இருந்தது, வரைந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். நாள் கடத்தாமல் கேளுங்கள்.